வாதீ ஆஷ்: மண்ணுக்குள் வீடு, மலைமேல் வாய்க்கால்

அந்தலுஸ் என்றதும் நம்மவர் நெஞ்சில் எழுவது அல்ஹம்ராவின் தூண்களும் குர்துபாப் பள்ளிவாசலின் வளைவுகளுமே. நம் ஏடுகளில் அந்நாட்டைப் பற்றி வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை அந்த மாளிகைகளில் தொடங்கி, நாட்டை இழந்த கடைசி மன்னனின் கண்ணீரில் முடிகின்றன. நானும் என் மாணாக்கர்க்குப் பல்லாண்டுகள் அவ்வாறே சொல்லி வந்தவன்தான். சென்ற ஆண்டு மே மாதம் அந்நாட்டைக் காணும் வாய்ப்பை அல்லாஹ் எனக்கு அருளினான். அல்ஹம்ராவைக் கண்டேன்; வியந்தேன். ஆயினும் என் எண்ணத்தை மாற்றியது அந்த மாளிகை அன்று. அதற்குக் கிழக்கே, மலைக்கு அப்பால் கிடக்கும் ஒரு சிற்றூர்ப் பள்ளத்தாக்கே ஆகும்.

அதன் இன்றைய பெயர் குவாதிக்ஸ். கிரனாடாவிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர். சாலையோரப் பலகையில் அப்பெயரைக் கண்டபோது அதனைச் சற்றே எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். அரபியின் ‘வாவ்’ ஒலியை ஸ்பானியர் ‘கு’ சேர்த்துச் சொல்வர். வாதில் கபீர் என்னும் பேராறு அவர்கள் நாவில் குவாதல்கிவிர் ஆயிற்று. பழைய கஸ்தீலிய மொழியில் ‘எக்ஸ்’ எழுத்துக்கு ‘ஷ்’ என்னும் ஒலியே இருந்தது. எனவே குவாதிக்ஸ் என்பது குவாதிஷ். குவாதிஷ் என்பது வாதீ ஆஷ். ரோமர் காலத்தில் ‘அக்கி’ என்று வழங்கிய ஊரை அரபியர் ‘ஆஷ்’ என்றனர். அதன் ஆற்றுப் பள்ளத்தாக்கை ‘வாதீ ஆஷ்’ என்றனர். நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அரபி ஊர்மொழியாக வழங்காத ஊரின் வாசலில், ஓர் அரபிச் சொல் வெயிலில் நின்றுகொண்டிருந்தது.

நிலத்தின் தோற்றம்

கணவாயைக் கடந்ததும் நிலம் முற்றிலும் மாறுகிறது. காடும் பசுமையும் பின்தங்கிவிட, கண்ணுக்கெட்டிய மட்டும் செம்மண்ணும் வெளிர்மஞ்சள் களிமண்ணுமாகிய மேடுகள். மழைநீர் வாள்கொண்டு அறுத்தாற்போன்று அவற்றில் ஆயிரம் மடிப்புகள், கூம்புகள், ஓடைப் பிளவுகள். முன்னொரு காலத்தில் இந்நிலம் முழுவதும் நீர் வெளியேற வழியில்லாத வடிநிலமாக இருந்தது. சுற்றியுள்ள மலைகளிலிருந்து வந்த வண்டலும் மணலும் கூழாங்கற்களும் இலட்சக்கணக்கான ஆண்டுகள் அதில் அடுக்கடுக்காகப் படிந்தன. பின்னர் ஆறுகள் கடலுக்கு வழி கண்டபோது, படிந்த மண்ணையே திரும்ப அறுக்கத் தொடங்கின. அந்த அறுப்பின் எச்சமே இன்று நாம் காணும் நிலக்காட்சி. ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு 2020ஆம் ஆண்டில் கிரனாடாவின் இவ்வடபகுதியை உலகப் புவிப் பூங்காக்களின் வரிசையில் சேர்த்தது.

தெற்கே பனி மூடிய பெருமலை. ஸ்பானியர் அதனைச் சியரா நெவாடா என்பர். அரபியர் ஜபல் ஷுலைர் என்றும் பனிமலை என்னும் பொருளில் ஜபலுத் தல்ஜ் என்றும் அழைத்தனர். அதன் மிகவுயர்ந்த முடியின் பெயர் முல்ஹஸேன். கிரனாடாவை ஆண்ட மௌலாய் அபுல் ஹஸனின் பெயர்தான் அவ்வாறு திரிந்துள்ளது. அந்தப் பனிக்கும் இந்த வறண்ட மண்ணுக்கும் நடுவே, ஆற்றின் இருமருங்கிலும் ஒரு பச்சை நாடா ஓடுகிறது: பீச் மரம், வாதுமை, ஒலிவம், கோதுமை, நெடிதுயர்ந்த நெட்டிலிங்கம் போன்ற பாப்லர் மரவரிசை. ஆண்டுமழை குறைவான இந்நிலத்தில் இப்பசுமை தானாக வந்ததன்று. அதற்கு விடை மலைமேல் இருக்கிறது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

குடைந்த வீடுகள்

ஊரின் உயரமான பகுதிக்கு ஏறினால் ஒரு விந்தை. தரைக்கு மேலே வீடே இல்லை. வெண்சுண்ணம் பூசிய புகைபோக்கிகள் மட்டும் மண்மேட்டில் முளைத்து நிற்கின்றன. வீடுகள் எல்லாம் மண்ணுக்குள். குவாதிக்ஸில் மட்டும் சுமார் 2000 குகை வீடுகள் உள்ளன. பலவற்றில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. அண்டை ஊர்களாகிய புருயேனா, பெனலுவா போன்றவற்றிலும் இவ்வகை வீடுகள் உண்டு.

ஒரு மூதாட்டி எங்களை உள்ளே அழைத்துக் காட்டினார். வெளியே கொளுத்தும் வெயில். உள்ளே பள்ளிவாசலின் உட்கூடத்தில் நுழைந்தாற்போன்ற தண்மை. கோடையாயினும் குளிர்காலமாயினும் உள்வெப்பம் பதினெட்டு, இருபது பாகைக்குள்ளேயே நிற்கும் என்கின்றனர். இந்தக் களிமண் குந்தாலிக்கு நெகிழ்ந்து கொடுக்கும். காற்றுப் பட்டால் இறுகிவிடும். மழைநீரை எளிதில் உள்ளே விடாது. ஆதலின் செங்கல் வேண்டா, மரவிட்டம் வேண்டா. முன்முகத்தைச் செங்குத்தாக வெட்டி, கதவு வைத்து, உள்ளே வளைகூரையாகக் குடைந்துகொண்டு போகின்றனர். மகனுக்கு மணம் முடிந்தால் இன்னோர் அறை குடைகின்றனர். வீடு கட்டுவது என்பது இங்கே சேர்ப்பது அன்று, எடுப்பது.

குகை என்றதும் ஓதியவர் நினைவுக்கு வருவது குர்ஆனில் வரும் குகைத் தோழர்களும், மலைகளைக் குடைந்து வீடமைத்த ஸமூது கூட்டத்தாரும் ஆவர். முன்னவர் நம்பிக்கையைக் காக்கக் குகையில் புகுந்தவர். பின்னவர் செருக்கால் அழிந்தவர். வாதீ ஆஷின் குகைகள் இவ்விரண்டில் எவ்வகை? இப்பகுதியின் செங்குத்துப் பாறைமுகங்களில் முஸ்லிம்கள் ஆண்ட காலத்திலேயே பாதுகாப்புக்காகக் குடைந்த அறைகள் இருந்தன. ஆயினும் ஊரைச் சுற்றிக் குகைக் குடியிருப்புகள் பெருகியது பதினாறாம் நூற்றாண்டில், மதிலுக்குள் இருந்த முஸ்லிம்கள் வீடிழந்து வெளியே தள்ளப்பட்ட பிறகே என்று ஆய்வாளர் கருதுவர். அரண்மனையை இழந்தவன் கதையை உலகம் பாடியது. அடுப்பங்கரையை இழந்து மண்ணைத் தோண்டிக் குடியேறியவன் கதையை எவரும் பாடவில்லை.

இப்பள்ளத்தாக்கின் மக்கள்

வாதீ ஆஷ் அறிவிலும் விளைந்த மண். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இவ்வூரில் வாழ்ந்த ஹம்தா பின்த் ஸியாத் அந்தலுஸின் புகழ்மிக்க பெண்பாற் புலவர்களுள் ஒருவர். அரபு நாட்டுக் கன்ஸாவுக்கு ஒப்பாக ‘மக்ரிபின் கன்ஸா’ என்று போற்றப்பட்டவர். அவர் தந்தை ‘முஅத்திப்’, அதாவது பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர். ஓர் ஆசிரியர் தம் மகளுக்கு எழுத்தையும் இலக்கணத்தையும் கொடுத்ததனால், இவ்வாற்றங்கரையின் அழகு அரபு இலக்கியத்தில் நிலைத்தது. பெண்பிள்ளைகள் ஓதியது போதும் என்று நம் ஊர்களில் நிறுத்திவைத்த பெற்றோரை நான் அறிவேன்; அவர்களுக்கு இந்த முஅத்திபின் வீட்டைக் காட்ட விரும்புகிறேன்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் சூஃபிக் கவிஞர் அபுல் ஹஸன் ஷுஷ்தரி இவ்வூரை அடுத்த ஷுஷ்தர் என்னும் சிற்றூரினர். கற்றோர் அரபியை விட்டுக் கடைவீதிப் பேச்சிலேயே இறைக்காதலைப் பாடியவர். ஹிஜ்ரி 668இல், அதாவது 1269இல், எகிப்தில் மறைந்தார்.

இவர்கள் யாவரினும் உலகறிந்தவர் இப்னு துஃபைல். அபூபக்ர் முஹம்மத் இப்னு அப்துல் மலிக் என்னும் இப்பெரியார் பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாதீ ஆஷில் பிறந்தார். மருத்துவம், வானியல், மெய்ப்பொருளியல் ஆகியவற்றில் தேர்ந்து, முவஹ்ஹிதுக் கலீஃபா அபூ யஃகூப் யூசுஃபின் அரண்மனை மருத்துவரானார். இப்னு ருஷ்தை அக்கலீஃபாவிடம் அறிமுகம் செய்துவைத்தவரும் இவரே. 1185இல் மராக்கிஷில் காலமானார்.

அவருடைய ‘ஹய்யு இப்னு யக்ஸான்’ என்னும் கதைநூலை மத்ரஸாக்களில் பெயரளவிலேனும் அறிவோம். நிலநடுக்கோட்டை அடுத்த இந்தியத் தீவுகளுள் ஒன்றில் மனிதத் துணையின்றி ஒரு மானின் பால் குடித்து வளரும் குழந்தை; அது தன் அறிவாலேயே உலகையும் ஆன்மாவையும் படைத்தவனையும் உணரும் வரலாறு. 1671இல் இலத்தீனிலும் 1708இல் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய அறிஞர் பலரைச் சிந்திக்க வைத்த நூல். இந்தியத் தீவு என்றதனால் நம் பக்கத்துக் கடலை அவர் மனக்கண்ணால் கண்டிருக்கிறார் என்று மகிழலாம்; ஆனால் அவர் காட்டும் நிலத்தில் அவருடைய ஊரின் சாயலும் இருக்கிறது என்பதை இங்கே வந்த பிறகே உணர்ந்தேன்.

ஹய்யு வளர்ந்தபின் தங்குவது ஒரு குகையில். தியானம் முதிர்ந்த நாளில் வாரத்துக்கு ஒருமுறை உணவுக்காக மட்டுமே அவன் குகையைவிட்டு வெளியே வருகிறான். அதற்கு முந்திய படியில் அவன் தனக்குத்தானே விதித்துக்கொண்ட கடமைகள் உண்டு. வெயில் படாமல் மறைபட்ட செடியைக் கண்டால் மறைப்பை நீக்குவான்; வாடிய செடிக்குத் தண்ணீர் விடுவான்; ஒரு செடிக்கோ உயிருக்கோ பாய்ந்துகொண்டிருக்கும் நீரின் வழியில் கல் விழுந்தோ கரை சரிந்தோ அடைபட்டிருந்தால் அந்த அடைப்பை அகற்றுவான். மனிதரையே காணாத ஒருவன் இறைவனை நெருங்கும் வழியாக வாய்க்காலைத் தூர்வாருகிறான்! இவ்வரிகளைப் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறேன். மெய்ப்பொருள் உவமை என்றே விளக்கியிருக்கிறேன். வாதீ ஆஷின் வாய்க்கால் கரையில் நின்றபோதுதான், அது உவமையாவதற்கு முன்னர் ஓர் ஊர்ப் பிள்ளையின் கண்கூடான அனுபவம் என்பது விளங்கிற்று.

வீழ்ந்த வரலாறு

கிரனாடாவின் கடைசிக் காலத்தில் மாமன்னர் குடும்பம் தம்முள் பிளவுண்டு கிடந்தது. சிறிய தந்தை ஸகல் ஒருபுறம். மகன் அபூ அப்தில்லாஹ் மறுபுறம். எதிரி வாசலில் நிற்க, இவர்கள் ஒருவரையொருவர் கருவறுத்தனர். ஸகலின் வசமிருந்த வாதீ ஆஷ், 1489ஆம் ஆண்டு டிசம்பரில் பாஸா நகர் வீழ்ந்ததை அடுத்து, போரின்றிக் கஸ்தீலிய அரசர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஸகலின் எதிர்த்தரப்பு அன்று கிரனாடாவில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தது. 1492 ஜனவரி 2ஆம் நாள், ஹிஜ்ரி 897இல், அதன் முறையும் வந்தது. அழிவுக்குப் பிறர் மீது மட்டும் பழி சுமத்தும் வழக்கம் நமக்கு உண்டு. இங்கே முதற்பழி உள்ளே இருந்தவர்க்கே உரியது.

சரணடைந்த போது எழுதப்பட்ட உடன்படிக்கையில் மார்க்கம், பள்ளிவாசல், காழியார் தீர்ப்பு, உடைமை யாவும் காக்கப்படும் என்றிருந்தது. அது பத்தாண்டும் நிற்கவில்லை. 1499இல் கர்தினால் ஸிஸ்னெரோஸ் கிரனாடாவுக்கு வந்தார். கட்டாய மதமாற்றம் தொடங்கிற்று. அரபிக் கிதாபுகள் பொதுவிடத்தில் எரிக்கப்பட்டன. கிளர்ச்சி எழுந்தது, அடக்கப்பட்டது, கிளர்ச்சியையே காரணமாகக் காட்டி உடன்படிக்கை கைவிடப்பட்டது. மதம் மாற்றப்பட்டவர்களை மொரிஸ்கோக்கள் என்றனர். வாதீ ஆஷின் ஜும்ஆப் பள்ளி இருந்த இடத்தில் பேராலயம் எழுந்தது.

1567 ஜனவரி முதல் நாள் வெளியான அரசாணை இன்னும் கடுமையானது. மூன்றாண்டுக்குள் அரபிப் பேச்சை விட்டுவிட வேண்டும், அரபி எழுத்து கூடாது, மூர் உடை கூடாது, ஹம்மாம் கூடாது, பழைய பெயர்கள் கூடாது. பிரான்சிஸ்கோ நூன்யெஸ் முலே என்னும் மொரிஸ்கோ முதியவர் அதனை எதிர்த்து ஒரு விண்ணப்பம் எழுதினார். உடை ஊரின் வழக்கமேயன்றி மதமன்று. கிழக்கு நாடுகளில் கிறிஸ்தவரே அரபி பேசுகின்றனர். ஊரில் கிழவர்கள் பிறந்த மொழியை மூன்றாண்டில் எவ்வாறு மறப்பார்கள் என்பன அவர் வாதங்கள். நியாயமான வாதம், செவி சாய்ப்பார் இல்லை.

1568 டிசம்பர் 24ஆம் நாள் இரவு, மலைக்குத் தெற்கே அல்புஷாராத் பகுதியில் பெருங்கிளர்ச்சி வெடித்தது. நேர்மையாகச் சொல்ல வேண்டும்: அந்நாட்களில் கிளர்ச்சியாளர் கையிலும் குற்றமற்ற இரத்தம் படிந்தது, சிற்றூர்ப் பாதிரிகளும் குடியானவரும் கொல்லப்பட்டனர். அடக்க வந்த படை அதைவிடப் பன்மடங்கு செய்தது. 1570இல் இதே வடநிலத்தைச் சேர்ந்த கலேரா என்னும் ஊர் முற்றுகையில் வீழ்ந்தபோது தரைமட்டமாக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அரசன் இரண்டாம் ஃபிலிப்பின் ஆணைப்படி, கிளர்ச்சியில் சேர்ந்தவர், சேராதவர் என்னும் வேறுபாடின்றி, கிரனாடா நாட்டு மொரிஸ்கோக்கள் ஆலயங்களில் கூட்டப்பட்டு, சங்கிலித் தொடராய்க் கஸ்தீலியாவுக்கும் மேற்கு அந்தலுஸுக்கும் நடத்திச் செல்லப்பட்டனர். குளிரிலும் நோயிலும் வழியிலேயே மாண்டவர் பலர். பின்னர் 1609 முதல் 1614 வரை ஸ்பெயின் முழுவதிலிருந்தும் ஏறத்தாழ மூன்று இலட்சம் மொரிஸ்கோக்கள் கடல் கடத்தப்பட்டனர். வாதீ ஆஷில் ஊர் இருந்தது, வீடு இருந்தது, வாய்க்கால் இருந்தது. அவற்றைச் செய்தவர் இல்லை.

வாய்க்கால் பேசிய மொழி

வெற்று ஊர்களில் குடியேற்ற வடக்கிலிருந்து பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை அழைத்துவரத் திட்டமிட்டனர். வந்தவர் மழையை நம்பி உழுதவர். மலைச்சரிவில் அடுக்கடுக்காய் அமைந்த வயலுக்குத் தண்ணீர் கட்டத் தெரியாதவர். இதனால் ஊர்தோறும் இரண்டு மொரிஸ்கோக் குடும்பங்களை நிறுத்திவைத்து, பாசனமும் பட்டுப்பூச்சி வளர்ப்பும் கற்பிக்கச் செய்தனர் என்பது அம்மலையூர்களில் வழங்கும் செய்தி. அது எவ்வளவு உண்மையாயினும், ஒன்று உறுதி. குடியேற்றத்திற்காக எழுதப்பட்ட ‘அபேயோ’ என்னும் அளவைப் பதிவேடுகளில் வயல், மரம், வாய்க்கால், நீர்முறை ஆகியவை ஊரறிந்த பழையவர்களின் வாய்மொழியைக் கேட்டே குறிக்கப்பட்டன. மொழியைத் தடைசெய்த அரசு, நீரின் முறையைத் தெரிந்துகொள்ள அம்மொழி பேசியவரையே நாட வேண்டியதாயிற்று.

அந்த முறை எத்தகையது? மலையில் பனி உருகும் இளவேனிலில் ஓடைகள் பெருகும், கோடையிலோ வற்றும். பெருகும் காலத்து நீரை ஆற்றிலே ஓடவிட்டால் பயனின்றிப் போகும். ஆகவே உயரத்திலேயே ஓடையை மறித்து, மலையின் குறுக்கே மிகமெல்லிய சரிவில் மண்வாய்க்கால் வெட்டி, பிளவுகள் நிறைந்த பாறைப்பகுதிக்குக் கொண்டுபோய் அங்கே நீரைப் பரவவிடுகின்றனர். நீர் மண்ணுக்குள் இறங்குகிறது. வாரங்கள், மாதங்கள் மெல்ல நடந்து, வெயில் காயும் நாளில், தாழ்ந்த சரிவில் ஊற்றாக வெளிப்படுகிறது. மலையையே ஒரு பெருங்குளமாக்கிய கலை இது! அவ்வூற்று நீரைச் சிறுவாய்க்கால்கள் வயலுக்குக் கொண்டுசெல்கின்றன. இரவு நீரைத் தொட்டிகளில் தேக்கிப் பகலில் பாய்ச்சுகின்றனர்.

என்னுடன் கிரனாடாவில் பயிலும் மொரோக்கோ நாட்டு இளைஞர் ஒருவர் மொழிபெயர்க்க வந்திருந்தார். மலையடிவாரத்து ஓர் ஊரில், வயதான உழவர் ஒருவர் மண்வெட்டியால் வாய்க்காலின் சேற்றை வாரிக்கொண்டிருந்தார். இளைஞர் அவரிடம் பேசத் தொடங்குமுன், நான் வாய்க்காலைச் சுட்டி, ‘ஸாகியா’ என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, ‘அஸேக்கியா’ என்றார். தொட்டியைக் காட்டி ‘அல்பிர்கா’ என்றேன், ‘அல்பேர்க்கா’ என்றார். அணையைக் காட்டி ‘அஸ்ஸுத்’ என்றேன், ‘அஸூத்’ என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். பின்னர் அவர் மணிக்கட்டைத் தட்டிக் காட்டி, வியாழன்று தம்முடைய ‘துலா’ என்றார். இளைஞர் விளங்காமல் நின்றார். “தம்பி, அது தவ்லா! முறை மாறி மாறி வருவது. முறைத்தண்ணீரைச் சொல்கிறார்” என்றேன். “உஸ்தாத், எங்கள் ஊரில் அரசாங்கத்தைத்தான் தவ்லா என்போம்” என்றார் அவர். அரசும் முறைவைத்துக் கைமாறுவதுதானே! மேட்டில் ஆண்டவர்களின் தவ்லா போய்விட்டது. வயலில் உழவனின் துலா நிற்கிறது.

இத்தகைய சொற்கள் ஸ்பானிய மொழியில் ஏராளம். எண்ணெய் ‘அஸேய்தே’ (அஸ்ஸைத்). பருத்தி ‘அல்கோதோன்’ (அல்குத்ன்). சர்க்கரை ‘அஸூகார்’ (அஸ்ஸுக்கர்). நீர்த்தேக்கம் ‘அல்ஹீபே’ (அல்ஜுப்பு). ஆரஞ்சைக் குறிக்கும் ‘நாரான்ஹா’ அரபியின் ‘நாரஞ்ஜ்’. அதன் வேரைச் சொல்லறிஞர் தென்னாட்டு மொழிகளுக்குக் கொண்டுசெல்வர். நம் நாரத்தை அதன் உறவு. இங்கிருந்து சற்றுத் தொலைவில் ‘அல்கீஃபே’ என்று ஒரு சுரங்க ஊர்; அல்கஹ்ஃபு, குகை என்பதே அதன் மூலம் என்பர்.

நீதி என்னும் நீர்

வாய்க்காலை வெட்டுவது எளிது. அதில் சண்டையின்றித் தண்ணீர் பங்கிடுவதே அரிது. நம் கிராமங்களில் கொலைவரை போன மடைச்சண்டைகளை யார் அறியார்? அண்ணல் நபி (ஸல்) அவர்களின் முன்னிலையிலேயே இத்தகைய வழக்கு ஒன்று வந்தது. மேல்வயலுக்குரிய ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் கீழ்வயலுக்குரிய அன்ஸாரி ஒருவருக்கும் வாய்க்கால் நீரில் பூசல். நபியவர்கள் ஸுபைரிடம், பாய்ச்சிக்கொண்டு அண்டை வயலுக்கு விட்டுவிடும்படி மென்மையாகக் கூறினார்கள். உறவினர் என்பதால் இத்தீர்ப்போ என்று அன்ஸாரி கூறிவிட, அண்ணலாரின் முகம் மாறிற்று. உரிமையின் முழு அளவையும் எடுத்துக்கொண்டே விடும்படி பின்னர் தீர்ப்பளித்தார்கள். மேல்வயல் முந்தும், ஆனால் அளவுக்கு மேல் தேக்கிவைக்க உரிமையில்லை என்னும் சட்டம் இதிலிருந்து பிறந்தது. ஊற்றாலும் மழையாலும் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சியதற்கு இருபதில் ஒன்று என்று ஸகாத்தை வகுத்ததும் உழவனின் முதுகுவலியை அறிந்த மார்க்கமே.

அந்தலுஸின் மாலிக்கி ஃபகீஹ்கள் இத்தீர்ப்புகளைக் கிதாபில் வைத்துப் பூட்டவில்லை. வாய்க்கால் கரையில் நடைமுறையாக்கினர். நீர்ப்பங்கீட்டைக் கவனித்தவருக்கு ‘ஸாஹிபுஸ் ஸாகியா’ என்று பெயர். ஸ்பானியத்தில் அது ‘ஸபஸேக்கியா’ எனத் திரிந்தது. வலன்ஸியா நகரில் இன்றும் வியாழன்தோறும் பேராலய வாசலில் உழவரே நீதிபதிகளாய் அமர்ந்து நீர்வழக்கை வாய்மொழியாகவே தீர்க்கும் மன்றம் கூடுகிறது. அதன் வேர் முஸ்லிம்கள் காலத்தது என்பது வழிவழி நம்பிக்கை. 2009இல் யுனெஸ்கோ அதனை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் சேர்த்தது.

1960களுக்குப் பின் இம்மலையூர்களின் இளைஞர் பார்ஸலோனாவுக்கும் அயல்நாடுகளுக்கும் பிழைக்கப் போயினர். பம்புசெட்டும் குழாயும் வந்தன. தூர்வார ஆளின்றிப் பல வாய்க்கால்கள் மண்மூடிப் போயின. அவற்றோடு கீழே ஊற்றுகளும் வற்றின. பின்னர் வறட்சி நெருக்கியபோது அறிவு வந்தது. 2014 முதல் கிரனாடாப் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்களும் மாணவர்களும் ஊராரும் மண்வெட்டி எடுத்துப் பழைய வாய்க்கால்களைத் தோண்டித் திறந்து வருகின்றனர். பள்ளத்தாக்கின் கீழே ஊற்றுகள் மீண்டும் வாய் திறக்கின்றன. தோண்டுகிறவர்களில் முஸ்லிம் எவரும் இருக்க வேண்டுமென்பதில்லை. ஹய்யு இப்னு யக்ஸான் தன் கடமையென்று எண்ணிச் செய்த வேலையை, அந்நூலைக் கேள்வியும்படாத அந்த உழவர் வியாழன்தோறும் செய்துகொண்டிருக்கிறார்.

நமக்குள்ள பாடம்

அஸர் வக்து நெருங்கிற்று. வாய்க்கால் நீரில் ஒளுச் செய்தேன். பனியின் தண்மை எலும்பில் ஏறியது. கரையோரப் புல்லில் துண்டை விரித்துத் தொழுதேன். உழவர் மண்வெட்டியைக் கீழே சாய்த்துவிட்டு, நான் முடிக்கும்வரை அமைதியாக நின்றார்.

ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது நட்டவருக்குத் தருமமாகும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. உண்பவர் எம்மதத்தவர் என்னும் நிபந்தனை அதில் இல்லை. இவ்வாய்க்காலை வெட்டியவருக்குக் கபுர் இல்லை, பெயர் இல்லை, ஃபாத்திஹா ஓத வாரிசும் இல்லை. அவர்களை விரட்டியவர்களின் சந்ததியே அந்நீரைக் குடிக்கிறது. எனினும் அவர்கள் கணக்கில் நன்மை ஓடிக்கொண்டே இருக்கிறது அன்றோ? அல்ஹம்ராவைப் பார்த்து அழுதவன் நான். இங்கே எனக்கு அழுகை வரவில்லை. வெட்கமே வந்தது.

வெட்கம் ஏன்? மொரிஸ்கோக்களில் அரபியை இழந்தவர், தாம் பேசிய ஸ்பானியத்தையே அரபி எழுத்தில் எழுதி மார்க்கத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தனர். அதற்கு அல்ஹமியா என்று பெயர். 1884இல் அரகோன் பகுதியின் ஒரு சிற்றூரில் பழைய வீட்டை இடித்தபோது, போலித் தளத்துக்கு அடியில் மறைத்து வைக்கப்பட்ட அத்தகைய கிதாபுகள் குவியலாகக் கிடைத்தன. பிடிபட்டால் உயிர்போகும் என்று அறிந்தும் எழுதிப் பாதுகாத்தவர்கள் அவர்கள். நம் முன்னோரும் தமிழை அரபி எழுத்தில் எழுதினர். அரபுத்தமிழில் மார்க்கச் சட்டமும் மாலையும் மருத்துவமும் தந்தனர். நம்மை எவரும் தடுக்கவில்லை. எந்த அரசாணையும் நம் கிதாபை எரிக்கவில்லை. நாமே பரணில் போட்டோம், கறையானுக்குக் கொடுத்தோம், பழந்தாள் கடைக்கும் போட்டோம். பாட்டிமார் மடியில் வைத்து ஓதிய ஏட்டை எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை இன்று எத்தனை வீட்டில் உண்டு?

குளமும் வாய்க்காலும் அவ்வாறே. வக்ஃபு செய்த கிணறுகளும் பள்ளிவாசல் ஊருணிகளும் நம் ஊர்களில் எத்தனை தூர்ந்து கிடக்கின்றன! அவற்றை வெட்டியவரின் நன்மைக் கணக்கை நாமன்றோ அடைத்து வைத்திருக்கிறோம்.

இதனைப் படிக்கும் சகோதர சகோதரிகள் இவ்வாரத்தில் ஒன்றேனும் செய்ய வேண்டுகிறேன். பரணில் ஒரு பழைய கிதாபு இருந்தால் இறக்கித் தூசு தட்டி, அதைப் படிக்கத் தெரிந்த முதியவர் ஒருவரிடம் ஒரு பக்கத்தையாவது உங்கள் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். ஊருணி தூர்ந்திருந்தால் ஒரு கூடை மண்ணை அள்ளுங்கள். நான் ஊர் திரும்பியதும் என் பாட்டனாரின் பெட்டியைத் திறந்தேன். மூன்று கிதாபுகளில் ஒன்று பொடியாகிவிட்டது. எஞ்சிய இரண்டையும் இப்போது வகுப்பில் மாணாக்கருடன் ஓதிவருகிறேன்.

வாதீ ஆஷில் வாய்க்கால் வெட்டிய பெயரறியா நல்லடியார்களின் பிழைகளை அல்லாஹ் பொறுத்து, அவர்களின் நற்செயலை ஏற்றருள்வானாக! ஆமீன்.